கால்களை எண்ணிக் குடும்பம் சொல்வோம்

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் கல்யாண மகாலைப் பார்ப்பார்கள், நெற்களஞ்சியத்தைப் பார்ப்பார்கள், தெம்பு உள்ளவர்கள் ராஜகிரியின் உச்சிவரை ஏறுவார்கள். மராத்தியர் காலக் கோட்டைகளின் வரிசையில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை இது. பார்க்க எவ்வளவோ இருக்கும்போது, உருண்டைப் பாறைகளின் அடியிலும் கல் இடுக்கிலும் யார் குடியிருக்கிறார்கள் என்று யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? இந்த மாதம் நாம் பார்ப்போம். நான் சொல்லப்போவது பூரானைப் பற்றி.

பெயரைக் கேட்டதுமே காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பூரானைப்போல உடம்பிலேயே கணக்கு எழுதி வைத்திருக்கும் உயிர் வேறு இல்லை என்பேன். எண்ணத் தெரிந்த எவரும் அதன் குடும்பத்தைக் கண்டுபிடிக்கலாம்.

பூரான் பூச்சி இல்லை. பூச்சிக்கு ஆறே கால்தான். நண்டு, சிலந்தி, தேள், வண்டு எல்லாம் சேர்ந்த கணுக்காலிகள் என்ற பெரிய தொகுதியில் பூரான்களுக்குத் தனி வகுப்பு உண்டு. அதற்கு நெருங்கிய உறவு மரவட்டை. இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? மரவட்டையின் உடம்பில் பெரும்பாலான வளையங்களுக்கு இரண்டு ஜோடிக் கால்கள். பூரானுக்கு ஒரு வளையத்துக்கு ஒரு ஜோடிதான். மரவட்டை மட்கிய இலையைத் தின்று மெதுவாக நகரும், தொட்டால் சுருண்டுகொள்ளும். பூரான் ஓடிப் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரன்.

பூரானின் தோலுக்கு ஈரத்தைக் காத்துக்கொள்ளும் திறமை குறைவு. சித்திரை வெயிலில் செஞ்சிப் பாறையின் மேல் கொஞ்ச நேரம் கிடந்தால் உலர்ந்தே செத்துப்போகும். அதனால்தான் பகலெல்லாம் கல்லுக்கு அடியில் இருந்துவிட்டு இரவில் வெளியே வருகிறது. தட்டையான உடம்பு இருப்பதால் மெல்லிய இடுக்கிலும் நுழைந்துகொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த இடுக்கெல்லாம் தண்ணீர் புகுந்தால் வேறு வழியில்லாமல் நம் வீட்டுத் திண்ணைக்கும் குளியலறைக்கும் வருகிறது.

இப்போது தலைப்பக்கம் போவோம். முன்னால் நீட்டிக்கொண்டிருப்பவை ஒரு ஜோடி உணர்கொம்புகள். தலைக்கு அடியில், இரண்டு பக்கமிருந்தும் வளைந்து வந்து நடுவில் சந்திக்கும் இரண்டு கொக்கிகள் இருக்கும். அடிப்பக்கம் தடித்து, நுனி கறுத்து ஊசியாக இருக்கும். நுனிக்குச் சற்று முன்னால் ஒரு சிறு துளை, அதன் வழியாகத்தான் நஞ்சு வருகிறது. பார்த்தால் பல் என்றுதான் தோன்றும். ஆனால் அவை கால்கள்! தலையை அடுத்த முதல் வளையத்தின் கால்கள்தான் காலப்போக்கில் நச்சுக் கொக்கிகளாக மாறிவிட்டன. உண்மையான தாடைகள் வேறாக, உள்ளே சிறியதாக இருக்கின்றன. பூரான் கடித்தது என்று நாம் சொல்கிறோமே, உண்மையில் அது காலால் குத்துகிறது. நடக்கும் காலை நஞ்சு செலுத்தும் கருவியாக மாற்றிக்கொண்ட உயிர்கள் உலகில் பூரான்கள் மட்டும்தான்.

கடைசி ஜோடிக் கால்களும் நடப்பதற்கு இல்லை. நம் ஊர்ப் பெரிய பூரானில் அவை தடித்து, முள் வைத்து, பின்னால் இன்னொரு ஜோடிக் கொக்கிபோல நீட்டிக்கொண்டிருக்கும். எது தலை, எது வால் என்று எதிரி குழம்பிப்போவான்.

சரி, எண்ணத் தொடங்கலாம். நச்சுக் கொக்கிகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கடைசி ஜோடியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கல்லுக்கு அடியில் நாம் வழக்கமாகப் பார்க்கும் தடித்த பூரானுக்கு 21 ஜோடிக் கால்கள் இருக்கும். தலையின் இரு பக்கமும் நான்கு நான்கு சின்னக் கண்கள். இந்த இரண்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஸ்கோலோபென்ட்ரிடே குடும்பம். 21 ஜோடி இருந்து கண்ணே இல்லாமல், சிறியதாக, மஞ்சள் கலந்த பழுப்பில் இருந்தால் கிரிப்டோபிடே குடும்பமாக இருக்கலாம்.

குடும்பத்துக்கு உள்ளேயும் பிரிவுகள் உண்டு. அதற்கு விஞ்ஞானிகள் பார்ப்பது உடம்பின் பக்கவாட்டில் உள்ள சுவாசத்துளைகளை. ஸ்கோலோபென்ட்ரா என்ற பேரினத்தில் அந்தத் துளை கீறல்போல, முக்கோணமாக, மூடி வைத்து இருக்கும். ரைசிடா, எத்மோஸ்டிக்மஸ் போன்றவற்றில் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ திறந்து கிடக்கும். எத்தனையாவது வளையத்தில் துளை இருக்கிறது என்பதும் முக்கியம். ரைசிடாவுக்கு ஏழாவது வளையத்தில் துளை உண்டு, ஸ்கோலோபென்ட்ராவுக்கு அங்கே இல்லை. நூலளவு துளை ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து ஒரு உயிரின் பெயரே மாறுகிறது, பாருங்கள்.

இந்திய விஞ்ஞானிகள் இதில் நல்ல உழைப்புப் போட்டிருக்கிறார்கள். பி. எஸ். ஜாங்கி 1966 இல் இந்தியப் பூரானின் உடலமைப்பை விளக்கி ஒரு தனி நூலே எழுதினார். டாஸ் என்பவரோடு சேர்ந்து 1984 இல் தக்காணத்துப் பூரான்களை வகைப்படுத்தினார். அண்மையில் ஜாஹ்னவி ஜோஷியும் லண்டன் அருங்காட்சியகத்தின் கிரெகரி எட்ஜ்கோம்பும் சேர்ந்து தென்னிந்தியாவின் எத்மோஸ்டிக்மஸ் பூரான்களை ஆராய்ந்து, 2018 இல் புதிய இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். அதில் ஒன்று நம் அகத்தியமலையின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

தோட்டத்து மண்ணைக் கிளறும்போது நூல்போல மெல்லிய பூரான் நெளிந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது மண்பூரான் வரிசை (குடும்பத்துக்கு மேலான பிரிவை வரிசை என்பார்கள்). கண் கிடையாது, கால்களோ ஏராளம். குறைந்தது 27 ஜோடி, அதிகபட்சம் 191 ஜோடி. இங்கே ஒரு அழகான கணக்கு இருக்கிறது. 15, 21, 23, 27, 49, 191 என்று வளர்ந்த எந்தப் பூரானை எடுத்தாலும் ஜோடிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகத்தான் வரும். 49 ஜோடி என்றால் 98 கால், 51 ஜோடி என்றால் 102 கால். 100 கால் வேண்டுமானால் 50 ஜோடி வேண்டும், அது இரட்டைப்படை. அதனால் சரியாக நூறு கால் உள்ள பூரானைத் தேடினால் ஏமாற்றம்தான். இங்கிலாந்தில் ஒருமுறை 48 ஜோடியோடு ஒன்று கிடைத்தபோது, அதுவே பெரிய செய்தியாகிவிட்டது.

இன்னொரு வகை உண்டு. சுவரில் திடீரென்று சர்ரென்று ஓடும், உடம்பைவிடக் கால்தான் கண்ணில் படும். மயிரிழைபோல நீண்ட கால்கள், 15 ஜோடி. முன்னங்கால்களைவிடப் பின்னங்கால்கள் நீளம் என்பதால் ஓடும்போது ஒன்றோடொன்று சிக்காது. பல்லியோ எலியோ பிடித்தால் காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவிடும், தோலுரிக்கும்போது அது திரும்ப முளைக்கும். மற்ற பூரான்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும் சுவாசத்துளை இதற்கு முதுகின் நடுக்கோட்டில் இருக்கிறது. பூச்சிகளுக்கு இருப்பதுபோலப் பெரிய கூட்டுக்கண்ணும் உண்டு. இந்தக் கூட்டத்தின் முன்னோர்கள் விட்டுப்போன கால்கள் 41 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில் கல்லாகக் கிடைத்திருக்கின்றன. டைனோசர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இவை ஓடிக்கொண்டிருந்தன.

இதில் நமக்கு ஒரு பங்கு இருக்கிறது. இந்த நீள்கால் பூரான்களில் தெரியுவோபோடா லாங்கிகார்னிஸ் என்ற இனத்துக்கு 1793 இல் அறிவியல் பெயர் வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபப்ரீசியஸ். அவர் கைக்குக் கிடைத்த மாதிரி எங்கிருந்து போனது தெரியுமா? அப்போது டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடியிலிருந்து! தமிழ்நாட்டுக் கடற்கரையில் பிடிபட்ட ஒரு பூரான், ஆசியாவெங்கும் உள்ள தன் இனத்துக்கே அடையாளமாகிவிட்டது.

இப்போது விசித்திரமான குடும்பத்துக்கு வருவோம். உயிரோடு இருக்கும் பூரான்கள் ஐந்து வரிசைகள். நான்கு வரிசைகள் இந்தியாவில் இருக்கின்றன. ஐந்தாவது இங்கே இல்லை. அந்த வரிசையில் ஒரே குடும்பம், அந்தக் குடும்பத்தில் பெயரிடப்பட்ட இனங்கள் இரண்டே இரண்டு. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவில் ஒன்று, நியூசிலாந்தில் ஒன்று. ஈரக்காட்டில் மட்கிய மரத்துக்கும் இலைக்கும் அடியில் வாழ்கின்றன. குடும்பத்தின் பெயர் கிரேட்டரோஸ்டிக்மிடே.

1902 இல் இதை முதலில் விவரித்தவர் ஆர். ஐ. போக்காக். இந்தியாவின் சிலந்திகளையும் தேள்களையும் பற்றிப் பெரிய நூல் எழுதியவரும் அவர்தான். டாஸ்மேனியாப் பூரானின் கால்களை எண்ணினால் 15 ஜோடி. முதுகில் உள்ள தகடுகளை எண்ணினால் 21. பதினைந்து பேர் உட்கார்ந்த பந்தியில் இருபத்தொரு இலை போட்டதுபோல! ஒரு வளையத்துக்கு ஒரு தகடு என்பதுதானே முறை? இதற்கு ஆறு வளையங்களில் முதுகுத்தகடு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தலை நீண்டது, நச்சுக் கொக்கிகள் தலையைத் தாண்டி முன்னால் எட்டிப் பார்க்கும். பக்கத்துக்கு ஒரே ஒரு கண்.

இதை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது? பதில் குஞ்சுகளிடம் இருக்கிறது. நீள்கால் பூரான் முட்டைகளை ஒவ்வொன்றாக மண்ணில் விட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு 4 ஜோடிக் காலோடு வெளியே வந்து, தோலுரிக்கத் தோலுரிக்கக் கால் கூடி 15 ஜோடி ஆகும். நம் கல்லடிப் பூரான் அப்படி இல்லை. தாய் முட்டைகளைக் கால்களால் அணைத்துச் சுருண்டு படுத்துக்கொள்ளும். பூஞ்சை பிடிக்காமல் நக்கிச் சுத்தம் செய்யும். வாரக்கணக்கில் இரை தேடிப் போகாது. அதன் குஞ்சுகள் வெளியே வரும்போதே 21 ஜோடியும் இருக்கும். டாஸ்மேனியாப் பூரானோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தாய் முட்டையைக் காவல் காக்கிறது. ஆனால் குஞ்சு 12 ஜோடியோடு பிறந்து, அடுத்து தோலுரிக்கும்போது 15 ஆகிறது. பெற்றதும் விட்டுப்போகும் வழக்கத்திலிருந்து பொத்திக் காக்கும் வழக்கத்துக்குப் பூரான்கள் எப்படி வந்திருக்கும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் இத்தனை சிறிய குடும்பத்துக்குத் தனி வரிசையே கொடுத்திருக்கிறார்கள். மரபணுவைப் படித்தவர்களும் அதை மாற்றவில்லை. நியூசிலாந்துப் பூரானும் டாஸ்மேனியாப் பூரானும் ஒன்றே என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். எட்ஜ்கோம்பும் கிரிபெட் என்பவரும் 2008 இல்தான் இரண்டும் வேறு வேறு இனம் என்று பிரித்தார்கள்.

நீங்களும் எண்ணிப் பார்க்க ஆசைப்படுவீர்கள். கோட்டையில் கல்லைப் புரட்டக் கூடாது. அது பாதுகாக்கப்பட்ட சின்னம், அதோடு முட்டை காக்கும் தாயைத் தொந்தரவு செய்தால் அது முட்டைகளையே தின்றுவிடக்கூடும். மழைக்காலத்தில் வீட்டுச் சுவரில் வந்து நிற்பதைப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்ட நின்று செல்பேசியில் படம் எடுங்கள். கையால் தொடவே வேண்டாம். குத்தினால் கடுமையாக வலிக்கும், வீங்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எடுத்த படத்தைப் பெரிதாக்கி, ஒரு பக்கத்துக் கால்களை மட்டும் தலையிலிருந்து எண்ணுங்கள். 15 வருகிறதா, 21 வருகிறதா? வளர்ந்த பூரானுக்கு இரட்டைப்படை வந்தால் எங்கோ ஒன்றை விட்டிருப்பீர்கள், அல்லது அதன் ஒரு கால் ஏற்கெனவே உதிர்ந்திருக்கும். இன்னொரு பக்கத்தையும் எண்ணிச் சரிபாருங்கள்.