61 நாள், 8,000 ரூபாய்: மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு வட சென்னை வீட்டின் மளிகைக் கணக்கு

ஏப்ரல் 15 வந்தால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டுவிடும். மறுபடி அவை கடலுக்குப் போவது ஜூன் 14-க்குப் பிறகுதான். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரை முழுவதும் இந்தத் தடை. 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாள் ஆனது.

நகரத்தின் மற்ற பகுதிகளுக்கு இது 'வஞ்சிரம் விலை ஏறிடுச்சு' என்கிற செய்தி. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து மீனவ வீடுகளுக்கு இது இரண்டு மாத மளிகைப் பிரச்சினை. வருமானம் நிற்கும், வயிறு நிற்காது. மாத பட்ஜெட் 20-ம் தேதிக்கு மேல் கையைக் கடிக்கிறதே என்று யோசிக்கும் யாருக்கும் இந்தக் கணக்கில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

கையில் எவ்வளவு?

தடைக்காலத்தில் கடல் மீனவக் குடும்பத்துக்குத் தமிழக அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். முன்பு 5,000 ஆக இருந்தது. வேறு வருமானமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 8,000-ஐ 61 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய்.

சமைக்க கேஸ் வேண்டும். சென்னையில் வீட்டு உபயோக சிலிண்டர் விலை 2025 ஏப்ரலில் 868.50 ரூபாய் ஆனது. மாதம் ஒன்று என்றால் இரண்டுக்கு 1,737. மீதி 6,263. அதாவது நாளைக்கு 103 ரூபாய்.

வீட்டில் மகளிர் உரிமைத் தொகை வந்தால் இரண்டு மாதத்துக்கு 2,000 சேரும். அப்போது நாளைக்கு ஏறக்குறைய 135. நான்கு பேர் சாப்பாடு இதற்குள் முடிய வேண்டும். வாடகை, கரன்ட் பில், மருந்து எதையும் நாம் இன்னும் தொடவே இல்லை. இந்த நிவாரணம்கூட மீனவக் குடும்பங்களுக்கு மட்டும்தான். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஐஸ் உடைப்பவர், மூட்டை தூக்குபவர், மீன் வண்டி ஓட்டுபவர் எல்லோரும் அந்தப் பட்டியலுக்குள் வருவதில்லை.

ரேஷன் எவ்வளவு தூரம் தாங்கும்?

நான்கு பேர் உள்ள அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசம். துவரம்பருப்பு 1 கிலோ 30 ரூபாய், பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை 2 கிலோ 50 ரூபாய். மொத்தம் 105 ரூபாய்.

இது போதுமா? ஐசிஎம்ஆர், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இரண்டும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கான அளவுகள் இருக்கின்றன. ஒருவருக்கு தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், கறி வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பால் 300 மி.லி., எண்ணெய் 27 கிராம். இதை நான்கு பேருக்கு, 30 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள்:

- தானியம்: 30 கிலோ தேவை. ரேஷனில் 20 கிலோ வந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு.
- எண்ணெய்: 3.2 கிலோ. ரேஷன் பாக்கெட்டில் ஏறக்குறைய 900 கிராம்.
- பருப்பு, முட்டை, மீன் வகை: 10.2 கிலோ. ரேஷனில் 1 கிலோ. பத்தில் ஒரு பங்கு மட்டுமே.
- பால்: 36 லிட்டர். லிட்டர் 40 ரூபாய் என்றாலே 1,440 ரூபாய் ஆகிவிடும்.

இங்கேதான் சிக்கல் புரிகிறது. அரிசியில் வீடு தள்ளாடாது. புரதம், பால், காய்கறி ஆகிய மூன்றில்தான் தள்ளாடும். பணம் குறையும்போது முதலில் தட்டிலிருந்து காணாமல் போவதும் இவைதான். சோறு நிறைய, குழம்பு தண்ணியாக! வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சத்து இருக்காது.

லீவு நாளும் சேர்ந்துகொள்ளும்

இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது. தடைக்காலத்தின் பெரும்பகுதி பள்ளிக் கோடை விடுமுறையோடு சேர்ந்தே வருகிறது. மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு வேலை நாட்களில் முட்டையோடு மதிய சத்துணவு கிடைக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் முதற்கட்டத்திலேயே வட சென்னைப் பள்ளிகள் சேர்க்கப்பட்டன. பள்ளிக்கு லீவு விட்டால் இந்த இரண்டு வேளையும் வீட்டு அடுப்புக்கு வந்துவிடும். வருமானம் நிற்கும் அதே வாரங்களில் சாப்பிடுகிற வாயும் வேளையும் கூடுகிறது. மளிகை லிஸ்ட் போடும்போது இதைச் சேர்க்காமல் விட்டால் மாதக் கடைசியில் துண்டு விழும்.

25 ரூபாய் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

துண்டு விழுந்தால் வட சென்னையில் அடுத்த வழி பெரும்பாலும் தண்டல். வழக்கமான தண்டல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கையில் 8,500 கொடுப்பார்கள். நாளைக்கு 100 வீதம் 100 நாளில் 10,000 கட்ட வேண்டும். வட்டி மட்டும் 1,500 ரூபாய்.

இப்போது மளிகைப் பக்கம் வாருங்கள். நாளைக்கு 25 ரூபாய் மிச்சம் பிடித்தால் 61 நாளில் 1,525. ஒரு தண்டலின் வட்டி அப்படியே மிஞ்சுகிறது. கிரெடிட் கார்டில் 'மினிமம் டியூ' மட்டும் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

அந்த 25 ரூபாய் எங்கே இருக்கிறது?

1. டீக்கடையிலும் பார்சலிலும்

மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புற வீடுகள் மாதச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதத்தை உணவுக்குக் கொடுக்கின்றன. அதில் பெரிய பங்கு எது தெரியுமா? பானங்கள், தின்பண்டங்கள், பதப்படுத்திய உணவு. மொத்தச் செலவில் ஏறக்குறைய 11 சதவீதம். பால், காய்கறி, தானியம் என ஒவ்வொன்றோடும் தனித்தனியாக ஒப்பிட்டால் இதுவே அதிகம்.

12 ரூபாய் டீ, 10 ரூபாய் வடை, நாளைக்கு இரண்டு தடவை என்று வைத்துக்கொண்டால் 44 ரூபாய். 26 வேலை நாளில் 1,144. டீயை விட வேண்டாம். இரண்டில் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோகும் சுண்டலாக மாற்றினாலே பாதி மிச்சம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பருப்பில் கை வைக்கிறார்கள். முதலில் கை வைக்க வேண்டிய இடம் இது.

2. மாவு பாக்கெட்டில்

ரேஷன் புழுங்கல் அரிசியைச் சோறாகச் சாப்பிடப் பிடிக்காதவர்கள்கூட இட்லிக்கு அதைத்தான் போடுகிறார்கள். 800 கிராம் அரிசி, 200 கிராம் உளுந்து, கொஞ்சம் வெந்தயம். உளுந்து கிலோ 130 என்றால் செலவு 26 ரூபாய். இரண்டு கிலோவுக்கு மேல் மாவு கிடைக்கும். கடையில் கிலோ 50 ரூபாய் மாவு வாங்கினால் இதே அளவுக்கு 100 ரூபாய். வாரம் இரண்டு முறை அரைத்தால் ஏறக்குறைய 150 ரூபாய் மிச்சம். நாளைக்கு 21 ரூபாய்.

3. புரதத்தை விலையால் அளப்பதில்

கிலோ என்ன விலை என்று பார்ப்பதைவிட, ஒரு கிராம் புரதம் என்ன விலை என்று பார்ப்பது உதவும். 100 கிராம் துவரம்பருப்பில் ஏறக்குறைய 22 கிராம் புரதம். ரேஷன் விலையில் ஒரு கிராம் புரதம் 14 பைசாதான். வெளிக்கடையில் கிலோ 130 என்றால் 60 பைசா. முட்டை ஒன்று 7 ரூபாய், அதில் 6 கிராம் புரதம் என்றால் ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கொண்டைக்கடலை, காராமணி, வேர்க்கடலை எல்லாம் பருப்புப் பக்கம்தான் நிற்கும். ரேஷன் பருப்பை ஒரு மாதம்கூட விடாமல் வாங்குவதும், முட்டையைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்குவதும் இதனால்தான் சரியான கணக்கு.

4. சீசனில்

தடைக்காலத்திலும் சிறிய நாட்டுப்படகுகள், ஃபைபர் படகுகள் கரையோரம் மீன்பிடிக்கத் தடையில்லை. நெத்திலி, காரப்பொடி மாதிரி சின்ன மீன் அப்போதும் வரும். பெரிய மீனின் ஆசையை அந்த இரண்டு மாதம் தள்ளிவைத்தால் பை கனக்காது. தடைக்கு முன்பே காயவைத்தோ வாங்கியோ வைத்த கருவாடு இன்னொரு கை. ஈரம் போய்விடுவதால் அதே எடைக்குப் புரதம் அதிகம், கொஞ்சம் போட்டாலே குழம்பு மணக்கும். உப்பும் அதிகம் என்பதால் வெந்நீரில் அலசித்தான் போட வேண்டும். பிரஷர் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

ஏப்ரல், மே மாதங்களில் மாங்காயும் முருங்கைக்காயும் மலிவு. மாங்காய் போட்டால் குழம்புக்குத் தக்காளியும் புளியும் பாதி போதும். 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60-க்கு விற்றது நினைவிருக்கும். ஒரே காயை நம்பி எல்லாக் குழம்பும் வைத்தால் விலை ஏறும் வாரத்தில் மாட்டிக்கொள்வோம்.

ஒரு வாரத்துக்கு எப்படித் திட்டம் போடுவது?

நாளைக்கு ஒரு மெனு என்று யோசித்தால் 21 வேளை என்று மலைப்பாக இருக்கும். ஒரு தடவை அடுப்பேற்றினால் இரண்டு வேளை என்று யோசித்தால் எளிது. உதாரணத்துக்கு:

- திங்கள்: காலை இட்லி. மதியம் முருங்கைக்காய் சாம்பார். இரவு தோசைக்கும் அதே சாம்பார்.
- செவ்வாய்: காலை கேழ்வரகுக் கூழ், நொய் சேர்த்தது. மதியம் நெத்திலிக் கருவாடு போட்ட மாங்காய்க் குழம்பு. புதன் காலை பழைய சோற்றுக்கும் அதே குழம்பு.
- புதன்: முந்தின ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலையில் பாதி மதியக் குழம்பு, பாதி சாயங்காலச் சுண்டல்.
- வியாழன்: கீரையும் பருப்பும் சேர்த்துக் கடைசல். இரவு சப்பாத்திக்கும் அதுவே.
- வெள்ளி: மறுபடி மாவு. இட்லி, காரச் சட்னி. மதியம் காய் போட்ட சாம்பார்.
- சனி: முட்டைக் குழம்பு.
- ஞாயிறு: சின்ன மீன் கிடைத்தால் மீன், இல்லாவிட்டால் அரை கிலோ கோழி.

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். டப்பாக்களைத் திறந்து என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். இருப்பதை வைத்து மெனு, மெனுவை வைத்து லிஸ்ட். லிஸ்டை முதலில் போட்டால் வீட்டில் இருக்கிற பொருளையே இரண்டாவது தடவை வாங்குவோம்.

தேதி சொல்லாமல் வரும் தடைக்காலம்

ஏப்ரல் 15 காலண்டரில் இருக்கிறது. அதனால் தயாராக முடிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கத்து மீனவர்களுக்கு யாரும் தேதி சொல்லவில்லை. வலையும் படகும் எண்ணெய்ப் படலத்தில் ஊறின, தொழில் நின்றது. ஐ.டி. வேலையில் வரும் 'லே ஆஃப்' மெயிலும் அப்படித்தான் வரும்.

அதற்காகத்தான் இரண்டு வாரத்துக்கான அரிசி, பருப்பு, கடலை, எண்ணெய், புளி, மிளகாய் கையிருப்பு எப்போதும் இருப்பது நல்லது. மாதம் ஒரு பொருளைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கினாலே சில மாதங்களில் சேர்ந்துவிடும். புதுசு வந்தால் பழசை முன்னால் வையுங்கள், வண்டு வராது. சமைக்கவே முடியாத நாளுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3 என்ற விலையில் 2013-ல் தொடங்கப்பட்டது அது.

மிச்சம் பிடிப்பது யார்?

மேலே சொன்ன ஒவ்வொரு யோசனைக்கும் உழைப்பு வேண்டும். மாவு அரைக்க, கீரை ஆய, கடலை ஊறவைக்க, ரேஷன் கடை வரிசையில் நிற்க. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். சிக்கனத் திட்டத்தைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டினால் பணம் மிஞ்சும், ஆள் தேய்ந்துபோவார். படகு கரையில் நிற்கும் 61 நாளில் மாவு அரைக்கவும் ரேஷன் வாங்கவும் வீட்டு ஆண்களுக்கு நேரம் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் இருக்கும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். நாளைக்கு 103 ரூபாயில் வழிகாட்டி சொல்லும் தட்டை நிரப்ப எவ்வளவு திறமையான சமையலாலும் முடியாது. வழிகாட்டி அளவில் பால் வாங்கினாலே அதில் 48 ரூபாய் போய்விடும். திட்டமிடல் கடனைத் தள்ளிப்போடும், வீணாவதைக் குறைக்கும், இருக்கிற காசைப் புரதத்தின் பக்கம் திருப்பும். அதற்கு மேல் வேண்டியது ரேஷனில் இன்னொரு கிலோ பருப்பும், கோடை லீவிலும் குழந்தைக்குக் கிடைக்கும் ஒரு முட்டையும். அதைச் செய்ய வேண்டியது அரசு.