ஒரு கோடு போதுமா பாஸ்?

பேரைக் கேட்டா குதிரை, தொப்பி, துப்பாக்கின்னு ஒரு கௌபாய் படம்தான் ஞாபகத்துக்கு வரும். 'வெஸ்டர்ன் பிளாட்'! ஆனா மேட்டரே வேற ஃப்ரெண்ட்ஸ். ஒரு செல்லுக்குள்ள ஆயிரக்கணக்கான புரோட்டீன்கள் அடைஞ்சு கிடக்கும். அதுல நமக்கு வேண்டிய ஒண்ணே ஒண்ணு இருக்கா, இல்லையான்னு தேடிப் பிடிக்கிற லேப் டெக்னிக் இது. எங்களை மாதிரி பயோடெக் மக்களுக்கு இது தினசரி சாம்பார் சாதம். மெக்கானிக்கல், சிவில் மக்களே, பக்கத்தைத் திருப்பிடாதீங்க. இதுல ஒரு மெட்ராஸ் கதை இருக்கு.

அதுக்கு முன்னாடி அந்தப் பேரு. 1975-ல எட்வின் சதர்ன்னு ஒரு பிரிட்டிஷ் விஞ்ஞானி டி.என்.ஏ-வைக் கண்டுபிடிச்சுக் காட்டுற முறை ஒண்ணை வெளியிட்டார். அவர் பேரால அது 'சதர்ன் பிளாட்'. ரெண்டு வருஷம் கழிச்சு ஆர்.என்.ஏ-வுக்கு அதே மாதிரி முறை வந்ததும் 'தெற்கு இருந்தா வடக்கும் வேணுமே'ன்னு 'நார்தர்ன்' ஆக்கிட்டாங்க. 1979-ல புரோட்டீனுக்கும் முறை வந்தாச்சு. அமெரிக்காவோட மேற்குக் கரைப் பக்கம், சியாட்டில்ல வேலை பார்த்த நீல் பர்னெட், தன் பங்குக்கு வெச்ச பேர்தான் 'வெஸ்டர்ன்'. அவரோட பேப்பரை ஜர்னல் முதல்ல திருப்பி அனுப்பிடுச்சு. அதுக்குள்ள அது ஜெராக்ஸ் ஜெராக்ஸா லேப் லேபா பரவிடுச்சு! 1981-ல ஒருவழியா அச்சாச்சு.

சரி, எப்படி வேலை செய்யுது? செல்லை ஐஸ்ல வெச்சு உடைக்கணும். உள்ளே இருக்கிற புரோட்டீன்களோட எஸ்.டி.எஸ்-ங்கிற சோப்புச் சமாச்சாரத்தைக் கலந்து கொதிக்க வைக்கணும். (உங்க டூத்பேஸ்ட்ல நுரை வர்றது பெரும்பாலும் இந்த ஐயாவாலதான்.) சுருண்டு கிடந்த புரோட்டீன் எல்லாம் நீண்ட நூலாகி, உடம்பு முழுக்க நெகட்டிவ் சார்ஜ் பூசிக்கும். இப்ப ஒரு ஜெல்லோட மேல் பக்கம் ஊத்தி கரன்ட் குடுத்தா, எல்லாம் பாசிட்டிவ் பக்கம் ஓடும். கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. சின்னப் பசங்க கால் இடுக்குல புகுந்து முதல் ஆளாப் போய் உட்காருவாங்க, பெருசுங்க மெதுவா வந்து சேரும். அதே கதைதான். ஓட்டம் முடியும்போது எல்லாம் சைஸ்வாரியா நின்னுடும்.

அந்த வரிசை கலையாம ஒரு மெல்லிய சவ்வுத் தாளுக்கு மாத்தணும். அடுத்து... பால்! நிஜமாத்தான். கொழுப்பு நீக்கின பால் பவுடரை 5 சதவிகிதம் கரைச்சு, தாளை அதுல ஊற வைப்பாங்க. காரணம் இருக்கு. நாம தேடுற புரோட்டீனைப் பிடிக்க ஆன்டிபாடியை அனுப்பப் போறோம். காலி இடம் கிடைச்சா அது அங்கேயும் ஒட்டிக்கும். அதனால பால் புரோட்டீன் முதல்லயே போய் காலி சீட்டுக்கெல்லாம் கர்சீப் போட்டு வெச்சுடும். அப்புறம் ஆன்டிபாடி வந்து தன் ஆளை மட்டும் பிடிக்கும். அதைப் பிடிக்க என்சைம் கட்டின ரெண்டாவது ஆன்டிபாடி வரும். அது கொடுக்கிற வெளிச்சத்தைப் படம் எடுத்தா ஒரு கறுப்புக் கோடு. இவ்ளோதான் ரிசல்ட்!

இப்ப மெட்ராஸ் கதை. 1986. எய்ட்ஸ் வெளிநாட்டு நோய், நம்ம ஊருக்கெல்லாம் வராதுன்னு நினைச்சிட்டிருந்த காலம். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல மைக்ரோபயாலஜி படிச்சிட்டிருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு, பேராசிரியர் சுனிதி சாலமன் ஒரு தீசிஸ் டாபிக் கொடுத்தார்: இங்கே எச்.ஐ.வி. இருக்கான்னு தேடு. பாலியல் தொழிலாளர்கள் தங்க வைக்கப்பட்டிருந்த காப்பகத்துக்குப் போய் ரத்த மாதிரிகளை எடுத்தார் நிர்மலா. சேமிச்சு வெச்சது எங்கே தெரியுமா? வீட்டு ஃப்ரிட்ஜ்ல! (இன்னிக்கு இப்படி ஒரு ஆராய்ச்சின்னா, எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் அந்தப் பெண்களோட சம்மதமும் இல்லாம ஊசியைத் தொடவே முடியாது.) வேலூர் சி.எம்.சி-ல எலைசா டெஸ்ட் பண்ணினாங்க. ஆறு மாதிரிகள் பாசிட்டிவ்.

உடனே அறிவிச்சாங்களா? இல்லை. எலைசால நமக்குக் கிடைக்கிறது நிற மாற்றம் மட்டும்தான். 'ஏதோ ஒரு ஆன்டிபாடி ஒட்டியிருக்கு'ன்னு அது சொல்லும், எந்தப் புரோட்டீன்ல ஒட்டிச்சுன்னு சொல்லாது. சம்பந்தமில்லாத ஆன்டிபாடிகூட ஒட்டிக்கிட்டு ஏமாத்தலாம். ஆறு பெண்களோட வாழ்க்கையை வெறும் கலரை நம்பித் தீர்மானிக்க முடியுமா? மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினாங்க. அங்கே உறுதி பண்ணினது நம்ம ஹீரோ வெஸ்டர்ன் பிளாட். இங்கே ஆட்டம் உல்டா. வைரஸோட புரோட்டீன்கள் ஏற்கெனவே சைஸ்வாரியா தாள்ல நிக்கும், ஆன்டிபாடி பேஷன்ட் ரத்தத்துல இருந்து வரும். பி24, ஜி.பி.41, ஜி.பி.120-ன்னு அந்தந்த இடத்துல கோடு விழுந்தா, எது எதோட ஒட்டிச்சுன்னு கண்ணாலயே பார்த்துடலாம். அந்த மே மாசம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டசபையில விஷயத்தை அறிவிச்சப்ப பலருக்கு நம்பிக்கையே வரலை.

ஆனா இந்த ஹீரோவுக்கும் வீக்னெஸ் உண்டு. ஒரே ஒரு கோடு மட்டும் விழுந்தா? 'தீர்மானிக்க முடியலை'ன்னு ரிப்போர்ட் வரும். அந்தக் கவலையோட வாரக்கணக்கா ஒருத்தர் காத்திருக்கணும். தொற்று வந்த ஆரம்ப நாட்கள்ல கோடே விழாது. இதைவிட சீக்கிரம் கண்டுபிடிக்கிற டெஸ்ட்டுகள் வந்ததும், 2014-ல அமெரிக்காவோட சி.டி.சி. தன் பரிந்துரைப் பட்டியல்ல இருந்து இதை எடுத்துடுச்சு. ஒரே டெஸ்ட்டை நம்பாதேங்கிற விதி மட்டும் போகலை. நம்ம அரசு மையங்கள்ல இன்னிக்கும் மூணு வெவ்வேறு டெஸ்ட் பார்த்துத்தான் பாசிட்டிவ்னு சொல்றாங்க.

ஆராய்ச்சி லேப்கள்ல வெஸ்டர்ன் பிளாட் இன்னும் கொடிகட்டிப் பறக்குது. அங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். கோடு தனியா ஒண்ணும் சொல்லாது. பக்கத்துல சைஸ் காட்டுற 'லேடர்' வேணும். எல்லாக் குழியிலயும் சம அளவு ஊத்தினோமான்னு காட்ட, ஆக்டின் மாதிரி எல்லாச் செல்லிலும் இருக்கிற ஒரு புரோட்டீனோட கோடும் வேணும். (சைஸ்கூட சில சமயம் டபாய்க்கும். பி53-ங்கிற பேரே ஜெல்ல 53 கிலோடால்டன் மாதிரி தெரிஞ்சதால வந்தது. நிஜ எடை 44-க்குப் பக்கம்தான்!) இதையெல்லாம் கத்தரிச்சிட்டு ஒத்தைக் கோட்டை மட்டும் பேப்பர்ல போட்டா எப்படி நம்புறது? எலிசபெத் பிக்னு ஒரு விஞ்ஞானி, 20,621 பேப்பர்களோட படங்களைக் கண்ணாலயே அலசினாங்க. 2016-ல அவங்க குழு வெளியிட்ட கணக்குப்படி 3.8 சதவிகிதத்துல சிக்கலான படங்கள். ஒரே கோட்டைத் திருப்பிப்போட்டு வேற புரோட்டீன்னு காட்டின ரகமெல்லாம் உண்டு. அதுல பாதியாவது வேணும்னே செஞ்சதா இருக்கலாமாம்.

அதனால இப்ப பல ஜர்னல்கள் வெட்டாத முழுப் படத்தையும் கேட்குது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு பிளாட் எடுக்கப் போறவங்க, ஒரிஜினல் ஃபைலை தேதி போட்டு ரெண்டு இடத்துல சேவ் பண்ணி வையுங்க. வைவால கேட்டா நீட்டிடலாம். பால் பவுடர் வாங்கும்போது சர்க்கரை சேர்க்காததா, கொழுப்பு நீக்கினதா பாருங்க. பாஸ்பேட் ஒட்டின புரோட்டீனைத் தேடுறீங்கன்னா பாலே வேண்டாம். பால்ல இருக்கிற கேசீனும் அதே ஜாதிதான், தாள் முழுக்கக் கறுத்துப்போக சான்ஸ் இருக்கு.