குடலில் சிக்கிய பித்தக்கல்: கத்தியில்லாமல் எடுக்க முடியுமா?

வயிறு பானை போல உப்பும். பச்சை பச்சையாக வாந்தி வரும். மறுநாள் வலி தானாகவே தணிந்துவிடும். ‘வாயுதான், கலைஞ்சுடுச்சு’ என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். அதற்கடுத்த நாள் மறுபடியும் வலி பிடித்துக்கொள்ளும். எழுபது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இப்படி விட்டு விட்டு வந்தால், பித்தப்பைக் கல் குடலுக்குள் இறங்கி, சிக்குவதும் நகர்வதுமாக இருக்கிறதோ என்று டாக்டர்கள் சந்தேகப்படுவார்கள்.

பித்தப்பையில் வருடக்கணக்கில் கிடக்கும் பெரிய கல் அதன் சுவரைப் புண்ணாக்குகிறது. புண்பட்ட பித்தப்பை பக்கத்திலுள்ள முன்சிறுகுடலோடு ஒட்டிக்கொள்ள, இரண்டுக்கும் நடுவே துளை விழுகிறது. அதன் வழியே கல் குடலுக்குள் வருகிறது. சின்னக் கல் மலத்தோடு போய்விடும். இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குப் பெரியதென்றால், சிறுகுடல் பெருங்குடலில் சேரும் குறுகிய இடத்தில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். 1654-லேயே டென்மார்க் மருத்துவர் தாமஸ் பார்த்தோலின் இதை விவரித்திருக்கிறார்.

அபூர்வமான நோய்தான். குடல் அடைப்புகளில் நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரை இந்த வகை. தென்னிந்தியாவில் இன்னும் குறைவாகவே இருக்கலாம். ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்து எஸ்.எல். மல்ஹோத்ரா 1968-ல் வெளியிட்ட கட்டுரை, பித்தப்பைக் கல்லே வடக்கத்தியர்களிடம் ஏழு மடங்கு அதிகம் என்றது.

அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டியில் ஒரு மூதாட்டிக்கு இந்த அடைப்பு வந்தால் என்ன நடக்கும்? ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனையிலோ முதலுதவி. பிறகு 108 வண்டியில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ தஞ்சாவூருக்கோ பயணம். அங்கே வாய்வழி எதுவும் கொடுக்க மாட்டார்கள். மூக்கு வழியாக ஒரு குழாய் இரைப்பைக்குள் இறங்கும். தேங்கிய பித்தநீர் அதன் வழியே பையில் வடியும். கையில் டிரிப்ஸ் ஏறும். சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எல்லாம் சரிபார்க்கப்படும்.

அடுத்து ஸ்கேன். வீங்கிய குடல், பித்தக்குழாயில் காற்று, இருக்கக்கூடாத இடத்தில் ஒரு கல் ஆகிய மூன்றையும் சேர்த்து, எக்ஸ்ரேயில் தேடச் சொன்னவர் அமெரிக்காவின் லியோ ரிக்லர் (1941). எக்ஸ்ரேயில் தப்பும் கல்லை சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் காட்டிவிடுகிறது.

இனிக் கத்தியா, கருவியா? அதைத் தீர்மானிப்பது கல் நிற்கும் இடம். இரைப்பையின் வாசலிலோ முன்சிறுகுடலிலோ நின்றால், எண்டோஸ்கோப்பியைத் தொண்டை வழியே செலுத்திக் கூடைக் கம்பியால் பிடிக்கலாம். பிடிபடாத கல்லை லேசராலோ மின்பொறி அதிர்வாலோ உடைக்கலாம். 1985-லேயே எண்டோஸ்கோப்பியில் இப்படிக் கல்லை எடுத்திருக்கிறார்கள். பெருங்குடலில் சிக்கினால் கொலோனோஸ்கோப்பி கை கொடுக்கக்கூடும். உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை பாய்ச்சி உடைத்ததும் உண்டு. சிறுகுடலின் ஆழத்துக்குப் போக, ஜப்பானின் ஹிரோனோரி யமமோட்டோ 2001-ல் அறிமுகப்படுத்திய இரட்டைப் பலூன் எண்டோஸ்கோப்பி வேண்டும். அது பெரிய மையங்களில்தான் கிடைக்கும்.

உடைப்பதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பெரிய துண்டு ஒன்று நழுவிக் கீழே போய்ச் சிறுகுடலை மீண்டும் அடைத்துவிடலாம். அதனால் துண்டுகளை முடிந்தவரை வெளியே எடுத்துவிடப் பார்க்கிறார்கள்.

சிறுகுடலின் கடைசியில் இறுகிய கல்லுக்கு இன்றும் அறுவைதான் வழக்கமான வழி: குடலைச் சிறிதாகக் கீறி, கல்லை எடுத்துத் தைத்துவிடுவார்கள். இதய நோயோ முதுமையோ மயக்க மருந்தைத் தாங்க விடாது என்கிற நோயாளிக்கே மற்ற வழிகளை முதலில் பார்க்கிறார்கள். கல் சிறியதாக இருந்தால், தானாக இறங்குகிறதா என்று மருத்துவமனையிலேயே கண்காணித்துப் பார்ப்பதும் உண்டு. காய்ச்சல், வயிறு இறுகிப்போவது, நாடித்துடிப்பு எகிறுவது ஆகியவை குடல் அழுகத் தொடங்கியதன் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது காத்திருக்க முடியாது. வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கப் பார்ப்பதும் ஆபத்து.

எந்த வழியில் எடுத்தாலும் பித்தப்பைத் துளை உடனே மூடிவிடாது. அதனால் பின்னால் இன்னொரு கல் வரக் காத்திருக்கிறதா என்று ஸ்கேன் படத்தை டாக்டர்கள் திரும்பவும் பார்ப்பார்கள்.