ஒயர் இழுக்கிறது, எலும்பு வழிவிடுகிறது

தை மாதம் கல்யாணம். ஆவணியில் வந்து, “அதுக்குள்ள க்ளிப் போட்டு எடுத்துடலாமா டாக்டர்?” என்று கேட்கும் குடும்பத்தைப் பார்க்காத பல் மருத்துவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். பெண்ணுக்கு முன்பல் கொஞ்சம் தூக்கல். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் போட்டோவில் தெரியுமே என்று அம்மாவுக்குக் கவலை. ஐந்து மாதத்தில் முடியாது, ஒன்றரை இரண்டு வருஷம் ஆகும் என்று மருத்துவர் சொன்னதும், முடியும் என்று சொல்கிற இன்னொருவரைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் பல்லை நகர்த்தப் போவதில்லை. எத்தி நிற்கும் பல்லை அராவி, மேலே ‘கேப்’ மாட்டிவிடுவார். போட்டோவில் நன்றாகத்தான் விழும். ஆனால் அராவிய எனாமல் மறுபடி வளராது. இருபது வயதில் மாட்டிய கேப்பை ஆயுள் முழுக்கப் பராமரித்தாக வேண்டும்.

க்ளிப் ஏன் அத்தனை மாதம் கேட்கிறது? பல் தாடை எலும்பில் ஆணி அடித்தாற்போல் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட வராத ஒரு நார்த் திசு இருக்கிறது. பல் அதில்தான் தொங்குகிறது. ஒயர் பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும்போது அந்தப் பக்கத்து நார் நசுங்குகிறது. உடனே எலும்பைக் கரைக்கும் செல்கள் அங்கே வந்து சேர்கின்றன. எதிர்ப்பக்கம் நார் இழுபட, அங்கே புது எலும்பு படிகிறது. முன்னால் கரைந்து பின்னால் வளர்கிற இந்த வேலையைத்தான் நாம் ‘பல் நகர்கிறது’ என்கிறோம். ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904இல் நாயின் பற்களை நகர்த்தி, அந்த எலும்பை மெல்லிய சீவல்களாக நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்து இதைக் காட்டினார். நல்லபடியாக நடந்தால் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஏழு மில்லிமீட்டர் இடைவெளியை மூட எத்தனை மாதம் என்பதை அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

“இன்னும் கொஞ்சம் டைட்டா இறுக்குங்க, சீக்கிரம் முடியட்டும்” என்பது அடுத்த வேண்டுகோள். இறுக்கினால் நேர் எதிராக நடக்கும். அழுத்தம் அளவை மீறும்போது நாருக்குப் போகும் ரத்த ஓட்டமே நின்று, அந்த இடத்துத் திசு செத்துப்போகிறது. செத்த திசுவை உடம்பு சுற்றுவழியாக வந்து அப்புறப்படுத்தும்வரை பல் நின்ற இடத்திலேயே நிற்கும். போதாக்குறைக்கு வேரின் நுனியும் கொஞ்சம் கரையலாம். பல்லுக்கு வேண்டியது மெல்லிய, விடாத அழுத்தம். 1960 வாக்கில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் ஒன்றில் பிறந்த நிக்கல்–டைட்டானியக் கலவை இங்கே வந்து உட்கார்ந்தது அதனால்தான். எவ்வளவு வளைத்துக் கட்டினாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும் கம்பி அது. அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசென் 1970களின் தொடக்கத்தில் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். முதல் மாதங்களில் உங்கள் பிள்ளையின் வாயில் இருக்கும் மெல்லிசான ஒயர் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஒயரைத் தாங்கப் பல்லில் ஒட்டும் பிராக்கெட்டின் கதையும் சுவையானது. முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லுக்கும் முழு உலோக வளையம் மாட்டுவார்கள். வாய் திறந்தால் தகரப் பெட்டிதான். 1955இல் மைக்கேல் போனகோர் என்பவர், பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் சற்றுத் தடவிக் கழுவினால் அது சொரசொரப்பாகிப் பசை நன்றாகப் பிடிக்கிறது என்று கண்டார். இன்று பல் மருத்துவர் நீலக் களிம்பு ஒன்றைத் தடவிக் கழுவிவிட்டுப் பிராக்கெட்டை ஒட்டுவது அதே வழியில்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடால் பழுப்பேறிய எனாமலில் பசை சரியாகப் பிடிக்காமல் பிராக்கெட் அடிக்கடி விழும். அதற்குப் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை.

நல்ல பல்லை எதுக்குப் பிடுங்கணும்?

பெற்றோர் தயங்கும் இடம் இது. கோரைப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கடைவாய்ப் பற்களில், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நாலை எடுத்துவிட்டுத்தான் க்ளிப் போட வேண்டும் என்றால் யாருக்கும் மனசு வராது. இந்தத் துறையைத் தனித் துறையாக வளர்த்த எட்வர்ட் ஆங்கிளுக்கும் வரவில்லை. மேல் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லை அளவுகோலாக வைத்து, கடியை மூன்று வகையாகப் பிரித்தவர் அவர்; 1899இல் வந்த அந்தப் பிரிவினை இன்றும் கேஸ் ஷீட்டில் எழுதப்படுகிறது. இயற்கை கொடுத்த பல் அத்தனையும் வாயில் இருந்தாக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அவர் 1930இல் இறந்தபிறகு, அவருடைய மாணவரான சார்லஸ் ட்வீட் தன் பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். பிடுங்காமல் வரிசைக்குக் கொண்டுவந்த பற்கள் பலருக்கு வெளியே துருத்தியும் மறுபடி நெருக்கியடித்தும் நின்றன. நூறு பேருக்கு நாலு பல்லை எடுத்து மீண்டும் சிகிச்சை செய்து, 1940இல் அதைச் சக மருத்துவர்கள் முன் வைத்தார். குருவை மறுத்த சீடர் என்று அவர்மேல் பாய்ந்தவர்கள் உண்டு.

சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. ஆனால் பல்லை எடுப்பதா வேண்டாமா என்பது முகத்தோற்றத்தை மட்டும் பொறுத்த கேள்வியும் இல்லை. ஈறும் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. பல் வரிசைக்கு வெளிப்புறம் இருக்கும் எலும்பு பல இடங்களில் காகிதம்போல் மெலிசு. இடமில்லாத தாடையில் பற்களை வெளிப்பக்கமாக விரித்து வரிசை கட்டினால் வேர் அந்த எலும்பைத் தாண்டி நிற்கும். சில வருஷங்களில் ஈறு இறங்கி, பல் நீளமாகத் தெரியும், கூச்சம் எடுக்கும். சிங்கப்பல் என்று ஆசையாகச் சொல்கிறோமே, மேல் கோரைப் பல், அது மற்ற முன்பற்களுக்குப் பிறகு பதினொன்று, பன்னிரண்டு வயதில் கடைசியாக வருகிறது. அதற்குள் இடம் போய்விட்டால் வெளியே ஏறி நிற்கும். அதன்மேல் இருக்கும் ஈறு மெல்லிய தோலாகத்தான் இருக்கும். எனவே பல் பிடுங்கச் சொல்லும் மருத்துவரிடம், “ஈறு தாங்குமா, எலும்பு எவ்வளவு இருக்கு?” என்றும் கேளுங்கள். எக்ஸ்ரேயை விரித்துப் பதில் சொல்கிறவர் கையில் வாயைக் கொடுக்கலாம்.

தேயிலைத் தோட்டத்து வாய்கள்

ஈறு பற்றி உலகம் தெரிந்துகொண்டதில் கணிசமான பங்கு நம் ஆட்களின் வாயிலிருந்து போனது. ஹரால்ட் லோ என்ற நார்வே மருத்துவர் 1965இல் ஒரு சோதனையை வெளியிட்டார். டென்மார்க்கில் நல்ல ஈறு உள்ள பன்னிரண்டு பேரை, பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் விளக்குவதையே நிறுத்தச் சொன்னார். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. திரும்ப விளக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம், பத்து நாளில் சரியாயிற்று. ஈறு வீக்கத்துக்குக் காரணம் உடல் சூடும் இல்லை, வைட்டமின் குறைவும் இல்லை, பல்லில் படியும் அழுக்குதான் என்று அந்த ஒரு சோதனை நிறுவிவிட்டது.

அந்த வீக்கத்தை அப்படியே விட்டால்? அதற்குத்தான் அவர் குழு இலங்கைக்கு வந்தது. 1970இல், தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 14 முதல் 31 வயது வரையிலான 480 தமிழ் ஆண்களின் வாயைப் பரிசோதித்தார்கள். டூத் பிரஷ் என்ற வழக்கமே அவர்களிடம் இல்லை. பல் மருத்துவம் எட்டியும் பார்த்ததில்லை. 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களை அளந்தார்கள். சொத்தைப் பல் ஏறக்குறைய யாருக்குமே இல்லை. காரையும் ஈறு வீக்கமும் இல்லாத வாயும் இல்லை. அத்தனை அழுக்கு இருந்தும் விளைவு ஒன்றுபோல் இல்லை. 8 சதவீதம் பேருக்கு ஈறும் எலும்பும் வேகமாக அழிந்தன. 81 சதவீதம் பேருக்கு மிதமான வேகத்தில். மீதி 11 சதவீதம் பேருக்கு வீக்கத்தோடு நின்றுபோயிற்று. 1986இல் வந்த அந்தக் கட்டுரை உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிப்பது. மலையகத்துத் தொழிலாளியின் வாய் பாடநூலுக்குப் போனது. பாடநூலின் அறிவு அந்த லயத்து வீடுகளுக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

க்ளிப் போடுகிறவருக்கு இதில் நேரடியான செய்தி இருக்கிறது. தான் அந்த எட்டு சதவீதத்தில் ஒருவரா, பதினொரு சதவீதத்தில் ஒருவரா என்பது யாருக்கும் முகத்தில் எழுதியிருக்காது. வீங்கிய ஈறோடு, உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும் பல்லை ஒயரால் தள்ளினால் கரைவது இன்னும் வேகம் பிடிக்கிறது. ஈறு ஆரோக்கியமாக இருந்தால், எலும்பு குறைந்த பல்லைக்கூடப் பத்திரமாக நகர்த்தலாம். முப்பது, நாற்பது வயதில் க்ளிப் போட வருகிறவர்கள் இப்போது நிறைய. அவர்களில் பலருக்கு முன்பல் இடைவெளி புதிதாக வந்திருக்கும். பல் விலகியதே ஈறு நோயால்தான் என்பது தெரியாமல் க்ளிப் கேட்பார்கள். சர்க்கரை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: கட்டுப்படாத சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும்.

ஆக முதல் வேலை ஸ்கேலிங். அந்தப் பேச்சை எடுத்தாலே, “க்ளீன் பண்ணா பல் ஆட ஆரம்பிச்சிடும்” என்பார்கள். கண்ணாடி முன் நின்று கீழ் முன்பற்களின் பின்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். நாக்குக்கு அடியில் எச்சில் ஊறும் வாய் அங்கேதான் திறக்கிறது. எச்சிலின் சுண்ணாம்புச் சத்து அழுக்கில் படிந்து கல்லாக இறுகுவதும் அங்கேதான் அதிகம். சிலருக்குப் பல்லையும் பல்லையும் தடுப்புச்சுவர்போல் அந்தக் கல் பிடித்து நிறுத்தியிருக்கும். பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது. கல்லை எடுத்த பிறகு ஆட்டம் தெரியவருகிறது, அவ்வளவுதான். பழி ஸ்கேலிங் மெஷின்மேல்.

ஒயருக்கு அடியில்

க்ளிப் போட்ட வாயில் ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் நுழையாது; விரலில் பல்பொடி தொட்டுத் தேய்த்தால் ஒயருக்கு அடியில் ஒன்றும் போகாது. பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலப் பட்டை ஒன்று இருக்கிறது. எல்லா வம்பும் அந்தப் பட்டையில்தான். பிரஷ்ஷைச் சாய்த்து முதலில் ஈறோரமாக, பிறகு பிராக்கெட்டின் மேலிருந்து, பிறகு அடியிலிருந்து என்று தேய்க்க வேண்டும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டிபோல் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் இடைப்பல் பிரஷ்ஷை ஒயருக்கு அடியில் விட்டு ஒவ்வொரு பல்லாக இழுக்க வேண்டும். இரவில் இதற்குப் பத்து நிமிஷம் ஆகும். ஆகட்டும்.

செய்யாவிட்டால் நாலே வாரத்தில் எனாமல் வெளுக்கத் தொடங்கலாம். க்ளிப்பைக் கழற்றும் நாளில் பல் வரிசையாக இருக்கும், பிராக்கெட் இருந்த சதுரத்தைச் சுற்றி மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை வரம்பு நிற்கும். அது கறை இல்லை, சொத்தையின் முதல் படி. ஃபுளோரைடு பேஸ்ட் இதைத் தடுக்கப் பெரிதும் உதவும்; உப்பும் கரியும் உதவாது.

முறுக்கு, சீடை, கரும்பு, கடலை மிட்டாய் பற்றி மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார். பிராக்கெட் விழுந்தால் மறுநாளே தெரிந்துவிடும். யாரும் எச்சரிக்காதது டீ. சர்க்கரை போட்ட டீயோ ஜூஸோ ஒரு வாய் போனதும் பல்மேல் அமிலம் ஏறி, அடங்க அரைமணி ஆகும். ஆபீஸ் மேஜையில் ஒரு கிளாஸை வைத்து ஒரு மணி நேரம் சிறுகச் சிறுக உறிஞ்சுகிறவரின் பல்லுக்கு மூச்சுவிட நேரமே கிடைப்பதில்லை. ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாய் கொப்பளித்தால் பாதித் தொல்லை குறையும்.

கம்பியே இல்லாத பிளாஸ்டிக் உறைகளான அலைனர்களுக்கு இந்தச் சுத்தப் பிரச்சினை குறைவு, கழற்றி வைத்துச் சாப்பிடலாம். 1997இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அலைன் டெக்னாலஜி அதைப் பெரிய தொழிலாக்கியது. ஒருநாளில் இருபது, இருபத்திரண்டு மணி நேரம் மாட்டியிருக்கும் ஒழுங்கு வேண்டும். கல்யாண வீடு, காபி, அரட்டை என்று கழற்றிக் கழற்றி வைத்தால் பல் ஒரு இடம், அலைனர் ஒரு இடம். மருத்துவர் நேரில் ஈறைப் பார்க்காமலே தபாலில் அலைனர் அனுப்பிய அமெரிக்க நிறுவனமான ஸ்மைல் டைரக்ட் க்ளப் 2023 டிசம்பரில் கடையை மூடியது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நட்டாற்றில் நின்றார்கள். எக்ஸ்ரே எடுக்காமல், ஈறை அளக்காமல், வாயை ஸ்கேன் மட்டும் செய்து விலை சொல்கிற இடம் இங்கேயானாலும் எழுந்து வந்துவிடலாம்.

இனி, சிகிச்சை முடிந்தபின் பல்லை அதே இடத்தில் பிடித்து நிறுத்தும் ரிட்டெய்னர். பல் புது இடத்துக்கு வந்துவிட்டாலும் ஈறுக்குள் இருக்கும் நார்கள் பழைய இடத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அவை சமாதானமாக ஒரு வருஷம்கூட ஆகலாம். அதிலும் திரும்பி நின்ற பல்லை நேராக்கியிருந்தால் இழுவை ஜாஸ்தி. அதுபோக, க்ளிப்பே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பல் நெருக்கும். அதனால், “எத்தனை நாள் போடணும்?” என்ற கேள்விக்கு நேர்மையான பதில், பல் அப்படியே இருக்க ஆசைப்படும் வரைக்கும். முதலில் நாள் முழுக்க, பிறகு இரவில் மட்டும். ஓட்டலில் டிஷ்யூ பேப்பரில் சுற்றி இலையோடு போய்விடும் ரிட்டெய்னர்கள் ஏராளம். டப்பாவில் போடப் பழக்குங்கள். வெந்நீரில் கழுவினால் நெளிந்துவிடும். கீழ்ப்பல்லுக்குப் பின்னால் நிரந்தரமாக ஒட்டும் கம்பி என்றால் கல் படிவது அதே இடத்தில்தான், ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேலிங் உண்டு. கம்பியின் ஒரு முனையில் பசை விட்டுப்போனால் அந்தப் பல் மட்டும் தனியாகத் திரும்ப ஆரம்பிக்கும்; நாக்கில் உறுத்தல் தெரிந்த வாரமே போய் ஒட்டிக்கொண்டு வர வேண்டும்.