பழைய ஜீப்பு வண்டிகளின் மராமத்து

ஐப்பசியில் இரண்டு மழை பெய்துவிட்டால் சாத்தூர், அருப்புக்கோட்டை, வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் தடங்களில் சாதாரண மோட்டார் வண்டி செல்வது அரிது. கரிசல் மண் நீரை உறிஞ்சிப் பருத்துச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். சற்று நேரத்தில் வண்டி அச்சு வரையில் புதைந்துவிடும். மேற்கே வத்திராயிருப்பு, மம்சாபுரம், சேத்தூர், தேவதானம் முதலிய மலையடிவார ஊர்களில் சங்கடம் வேறு விதமானது. அங்கே மாந்தோப்பு, தென்னந்தோப்புகளுக்குச் செல்லும் வழிகள் ஓடைகளைக் கடந்து, பாறையும் மணலுமாகக் கிடக்கின்றன. இவ்விருவகை வழிகளுக்கும் நான்கு சக்கரங்களிலும் விசை செல்லும் வண்டியே ஏற்றது. புதிதாக வாங்கினால் விலை அதிகம். ஆகையால் விவசாயிகளில் சிலர், எங்கேனும் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய ஜீப்பையோ, பின்புறம் திறந்த தட்டுள்ள பிக்கப்பையோ வாங்கிப் புதுப்பிக்க எண்ணுகிறார்கள்.

எண்ணம் நல்லதே. ஆனால் வேலையைச் செய்யும் வரிசையில் தவறு நேர்ந்துவிடுகிறது. கண்ணுக்கு அழகாகும் வர்ணத்தையும், காதுக்கு இனிதாகும் எஞ்சினையும் முதலில் கவனித்து, கையிலுள்ள பணத்தைச் செலவிட்டுவிட்டு, பிரேக்கைப் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். ‘அச்சாணியில்லாத் தேர் முச்சாணும் ஓடாது’ என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. பத்திரம், அடிச்சட்டம், பிரேக்கும் ஸ்டியரிங்கும், எரிபொருள் வழி, எஞ்சின், கடைசியாக வர்ணம் என்பதே பணத்தையும் உயிரையும் காக்கும் வரிசையாகும்.

இவ்வண்டிகளின் வரலாறு

இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. யுத்தம் முடிந்த 1945-ஆம் ஆண்டிலேயே வில்லிஸ் கம்பெனி விவசாயிகளை உத்தேசித்து ஜீப்பு விற்கத் தொடங்கியது. 1947 முதல் 1965 வரையில் அதே கம்பெனி நான்கு சக்கர விசையுள்ள பிக்கப் வண்டிகளையும் செய்துவந்தது. நம் நாட்டில் மகீந்திரா கம்பெனியார் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கும் வேலையைத் தொடங்கினர். பின்னர் இங்கேயே செய்யலாயினர். முதலில் வந்தவை சுமார் 2,200 சி.சி. அளவுள்ள பெட்ரோல் எஞ்சின் கொண்டவை. பிற்காலத்தில் பியூஜோ உரிமத்தில் செய்த 2,112 சி.சி. டீசல் எஞ்சின் வந்தது. ஜபல்பூர் தொழிற்சாலையில் ராணுவத்துக்காக 1969 முதல் 1999 வரையில் செய்யப்பெற்ற ஜோங்கா வண்டிகளும் ஏலத்தின் மூலம் பொதுமக்களிடம் வந்துள்ளன.

மகீந்திரா ஜீப்புகள் வெகுகாலம் அதிக மாறுதலின்றிச் செய்யப்பட்டமையால் பல உறுப்புகள் இன்றும் கிடைக்கின்றன. போடிமெட்டு ஏலத்தோட்டப் பாதைகளில் ஜீப்புகள் ஓடிவருவதால், போடிநாயக்கனூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் இவ்வேலை பழகியவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் பத்திரம்

வண்டியின் மேல் கைவைக்குமுன் பதிவுச் சான்றைக் கையில் வாங்கவேண்டும். அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் வெட்டியுள்ள எண்களோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு பரிசோதனைக்குப்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். பிக்கப் சரக்கு வண்டியாகப் பதிவாகியிருந்தால், 8 ஆண்டு கடந்ததற்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும்.

அரசு இலாகா வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைப்பு நிலையங்களுக்கே செல்லவேண்டியவை. ஆகவே பழைய ஆபீஸ் ஜீப்பு குறைந்த விலைக்கு வருகிறதென்று கேட்டு ஆசைப்படலாகாது. கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைத் தம் கிராமத்தாருக்கு எடுத்துச் சொல்வது உபகாரமாகும்.

50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெருமை வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-இல் விதி வந்தது. அப்பதிவு கண்காட்சி முதலியவற்றுக்கே பயன்படும். அன்றாடம் ரஸ்தாவில் ஓட்டவோ தொழிலுக்கு உபயோகிக்கவோ இடமில்லை. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு வேறு டீசல் எஞ்சினை வைப்பவர்கள், பதிவு அதிகாரியின் அனுமதியின்றி அதைச் செய்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு மாறானது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

அடிச்சட்டம்

வீட்டுக்கு அஸ்திவாரம் எப்படியோ அப்படியே வண்டிக்கு அடிச்சட்டம். விருதுநகர் ஜில்லாவின் காற்று வறண்டது. ஆகையால் இங்கேயே ஓடிய வண்டியின் சட்டம் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். தூத்துக்குடி உப்பளங்களில் உழைத்த வண்டியை மட்டும் மிகுந்த ஜாக்கிரதையோடு பார்க்கவேண்டும். உள்ளூர் வண்டியிலும் ஒரு சத்துரு உண்டு. சட்டத்தின் மடிப்புகளில் புகுந்து இறுகிய கரிசல் மண், மழைக்காலத்தில் குடித்த ஈரத்தை நெடுநாள் விடாமல் இரும்பை அரித்துவிடும். எனவே மண்ணை முழுவதும் சுரண்டிக் கழுவியபின், சிறு சுத்தியலால் சட்டம் நெடுகத் தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாகச் சப்திக்கும். வில் பட்டைகள் தொங்கும் இடங்களிலும், ஸ்டியரிங் பெட்டியைப் பொருத்திய இடத்திலும் வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கு வைத்துத் தேடவேண்டும்.

சட்டம் கோணியிருக்கிறதா என்று அறிவதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சட்டத்தின் முன்னும் பின்னும், இரு பக்கமும் ஒத்த நான்கு இடங்களிலிருந்து தூக்குக்குண்டை விட்டுத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் குறியிடவேண்டும். வண்டியை நகர்த்தியபின் குறுக்கு மூலைகளை நூலால் அளந்தால் இரு அளவுகளும் ஒத்திருக்கவேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசமிருந்தால், அந்த வண்டியை விட்டு வேறு வண்டி தேடுவதே உசிதம்.

பிரேக்கும் ஸ்டியரிங்கும்

பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய் வழி அமைந்திருக்கும். ஒரு சக்கரத்தில் குழாய் வெடித்தாலும் நான்கு பிரேக்கும் ஒருங்கே போய்விடும். ஆகையால் பழைய குழாய்களில் நல்லதைப் பொறுக்கியெடுக்க முயலாமல், ரப்பர்க் குழாய், இரும்புக் குழாய், சிலிண்டர்களின் உள்ரப்பர் யாவற்றையும் ஒருசேர மாற்றிவிடவேண்டும். கைப்பிரேக், ‘டிரான்ஸ்பர்’ பெட்டிக்குப் பின்னால் ஓடும் தண்டைப் பற்றி நிறுத்துவது. அப்பெட்டியின் பின்புற எண்ணெய்த் தடுப்பு கசிந்தால் எண்ணெய் கைப்பிரேக்கின் மேல் படியும். அப்பொழுது மேட்டில் நிறுத்திய வண்டி தானே உருளத் தொடங்கும். ஆகையால் முதலில் கசிவை நிறுத்திப் பிறகே பிரேக்கைத் திருத்தவேண்டும்.

முன் சக்கரத்தைத் தாங்கும் கிங் பின் பேரிங்குகள் தேய்ந்திருந்தால், பள்ளத்தில் இறங்கியவுடன் ஸ்டியரிங் கையில் நில்லாது நடுங்கும். முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மேல் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தேய்மானம் தெரிந்துவிடும். ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டிக்கடியில் படுப்பது கூடவே கூடாது.

பெட்ரோலும் தீயும்

இப்பகுதியில் இதுவே மிக முக்கியமானது. பழைய ஜீப்பில் பெட்ரோல் தொட்டி ஓட்டுபவரின் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. தொட்டி கசிந்தால் அவர் தீயின் மேல் உட்கார்ந்திருப்பதற்கு ஒப்பாகும். இப்பொழுது விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரையில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் நீரை இழுக்கும். பழைய வகை ரப்பர்க் குழாய்களை ஊதச் செய்து வெடிக்கவும் செய்யும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்களையே போடவேண்டும்.

ஓட்டையான தொட்டியை வெல்டிங் செய்து அடைக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். நிறைந்த தொட்டியைக் காட்டிலும் காலித் தொட்டியே அபாயகரமானது. உள்ளே நிற்கும் ஆவி காற்றோடு கலந்து ஒரு பொறியால் வெடிக்கும். நீர் விட்டுக் கழுவினாலும் ஆவி முழுதும் போய்விட்டதென்று சொல்ல இயலாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு பரவித் தொலைவிலுள்ள நெருப்பையும் சென்று பற்றும். கழற்றிய பழைய தொட்டியை ஒதுக்கிவிட்டுப் புதுத்தொட்டி பொருத்துவதே தக்கது. எந்த வேலைக்கும் முன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடவேண்டும்.

பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர்களில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை இவ்வட்டாரத்தார் மறக்கவில்லை. 2016 அக்டோபரில் சிவகாசி நகரில், வண்டியில் பட்டாசு ஏற்றுகையில் தீப்பற்றி, பக்கத்துக் கட்டிடத்தில் இருந்தவர்கள் புகையால் மாண்டனர். எனவே ஆலை, கிடங்கு, திரி உலர்த்தும் களம் ஆகியவற்றின் அருகே வெல்டிங்கும் சாணைச் சக்கரமும் உபயோகிக்கலாகாது. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் வேலை செய்யவேண்டும். தீபாவளிக் காலத்தில் கூலிக்கு ஆசைப்பட்டுத் தோட்டத்து வண்டியில் பட்டாசு ஏற்றுவதும் தகாது. வெடிபொருள் கொண்டுசெல்ல 2008-ஆம் ஆண்டு விதிகள் தனி நிபந்தனைகள் விதித்துள்ளன.

எஞ்சின்

பல ஆண்டு ஓடாத எஞ்சினைக் கட்டி இழுத்து ஓடச் செய்வது கெடுதல். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, கைப்பிடியால் மெல்லச் சுழற்றவேண்டும். தடையின்றிச் சுழன்றால் பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் நிரப்பி, நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்து பார்க்கலாம். ஒன்றுக்கொன்று சதுர அங்குலத்துக்கு 10 ராத்தலுக்கு மேல் வேறுபட்டால் வால்வோ ரிங்கோ கெட்டிருக்கிறதென்று கொள்ளலாம். வில்லிஸ் பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற முறைப்படி வெடிக்கும். பிளக் கம்பிகளை இம்முறை தவறாமல் மாட்டவேண்டும்.

நான்கு சக்கர விசையைக் கையாளுதல்

இவ்வண்டிகளில் முன்னச்சு விசையைச் சேர்த்தவுடன் முன் தண்டும் பின் தண்டும் ஒரே வேகத்தில் சுழலும். வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் செல்லவேண்டியிருப்பதால், தார் ரஸ்தாவில் இவ்விசையைச் சேர்த்தே ஓட்டினால் பற்களும் டயர்களும் வீணாகும். சேற்றிலும் மணலிலும் மட்டுமே சேர்க்கவேண்டும். நான்கு டயர்களும் ஒரே அளவும் ஒரே தேய்மானமும் உள்ளவையாக இருத்தல் அவசியம். குறைவேகப் பல் வண்டியின் இழுவையைச் சுமார் இரண்டரை மடங்காக்கும். முன்னச்சைச் சேர்த்த பிறகே அதைப் போடவேண்டும்.

கணக்கு

வத்திராயிருப்பில் மாந்தோப்புள்ள ஒருவர் இப்படி ஒரு பிக்கப்பை வாங்கக் கருதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். வண்டியின் விலை, பதிவுச் செலவு, பிரேக், டயர், தொட்டி, எஞ்சின் என்று மேற்சொன்ன வரிசைப்படி பட்டறைக்காரரிடம் கேட்டு ஒவ்வொன்றின் மதிப்பையும் எழுதட்டும். எதிர்பாராச் செலவுக்கென்று மொத்தத்தில் கால்பங்கு சேர்க்கட்டும். அத்தொகையை, வருஷத்தில் எத்தனை நாள் அந்த வண்டியின்றிக் காய் தோப்பிலேயே தங்கிவிடுகிறது என்பதோடு ஒப்பிடட்டும். பத்து நாள் வேலைக்கு மட்டுமாயின் அந்நாட்களுக்கு வாடகை வண்டி பிடிப்பதே லாபம். மழைக்காலம் முழுவதும் வேண்டுமாயின் மராமத்து தகும்.

வேலை தொடங்கியபின் பணம் போதாமற் போனால் வர்ணத்தை நிறுத்தலாம்; இருக்கையின் மெத்தையை நிறுத்தலாம். பிரேக்கையும் பெட்ரோல் தொட்டியையும் நிறுத்தலாகாது. வர்ணமில்லாத வண்டி காயைச் சந்தைக்குச் சேர்க்கும்; பிரேக்கில்லாத வண்டி காயோடு ஆளையும் ஓடையில் சேர்க்கும்.