மெமரி கார்டுக்குள்ளே ஒரு பதிவேடு



இந்த மாதச் சுவர் இதழுக்கு என்ன எழுதலாம் என்று யோசித்தேன். கவிதை எனக்கு வராது. அதனால் எங்க வீட்டில் நடந்த ஒரு விஷயத்தையும், அதுக்கு அப்புறம் நான் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். நம்ம வகுப்பில் நிறைய பேர் வீட்டில் மெமரி கார்டு போட்ட போன் இருக்கு. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

எங்க தாத்தா இறந்து ஒரு வருஷம் ஆகுது. அவர் இருந்தபோது ராத்திரி சொன்ன கதைகளை அம்மா போனில் பதிவு பண்ணி வைத்திருந்தேன். மொத்தம் 11 பதிவு. கிணறு வெட்டின கதை, ஊருக்கு முதன்முதலாகக் கரண்ட் வந்த கதை, இப்படி. எல்லாம் அம்மா போனில் இருந்த 16 ஜி.பி. கார்டில்தான் இருந்தது.

ஆண்டு விழா வீடியோ வந்ததும் அதை அதே கார்டில் ஏற்றிக் கொடுக்கச் சொன்னாங்க அம்மா. வீடியோ 5.2 ஜி.பி. கார்டில் 9 ஜி.பி. காலி. அப்படியென்றால் தாராளமாகப் போகணும் இல்லையா? பெரியப்பா வீட்டு அண்ணன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார். "ஃபைல் ரொம்பப் பெரியது" என்று வந்து நின்றுவிட்டது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே. கார்டு கெட்டுப்போச்சு என்று முடிவு பண்ணி, நான் அதைக் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கடையில் இருந்த அண்ணா, "காப்பி எடுத்தாச்சா பாப்பா?" என்று கேட்டார். வீடியோவைக் கேட்கிறார் என்று நினைச்சு "எடுத்தாச்சுண்ணா" என்று சொல்லிட்டேன். அவர் ஃபார்மட் பண்ணி வீடியோவை ஏற்றிக் கொடுத்தார். ரெண்டு நிமிஷ வேலை.

வீட்டுக்கு வந்து போனில் போட்டால் கார்டையே படிக்கவில்லை. தாத்தாவும் இல்லை, வீடியோவும் இல்லை. மறுபடி ஃபார்மட் பண்ணலாமா என்று போன் கேட்டது. அம்மா 'சரி' என்று அமுக்கப் போனாங்க. நான் பிடுங்கிட்டேன். (அதுக்குத் திட்டு வாங்கினது வேற கதை.)

மறுநாள் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் டீச்சரிடம் கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவங்க முதலில் கேட்ட கேள்வி, "இதுல என்ன ஃபைல் சிஸ்டம் இருந்துச்சு?" எனக்கு முழிக்கத்தான் தெரிந்தது.

ஃபைல் சிஸ்டம் அப்படின்னா என்ன? நம்ம நூலக அலமாரியை நினைச்சுக்கோங்க. புத்தகம் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில், எந்த வரிசையில் என்று எழுதி வைத்த பதிவேடு வேணும். மெமரி கார்டும் அப்படித்தான். கார்டு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு பாட்டையோ போட்டோவையோ துண்டு துண்டாகக் கட்டங்களில் வைக்கிறாங்க. எந்தத் துண்டு எந்தக் கட்டத்தில் என்று எழுதும் பதிவேடும், அதை எழுதும் விதிமுறையும் சேர்ந்ததுதான் ஃபைல் சிஸ்டம். விதிமுறை பல வகை. ஒரு வகையில் எழுதின பதிவேட்டை, அந்த வகை தெரியாத போனால் படிக்க முடியாது. தமிழில் எழுதின பதிவேட்டை வேற மொழிக்காரர் கையில் கொடுத்த மாதிரி. எங்க கார்டைப் போன் படிக்காததுக்கு இதுதான் காரணம். கார்டு கெட்டே போகவில்லை.

எங்க கார்டில் முதலில் இருந்தது ஃபேட் 32. ஃபேட் என்பது ஃபைல் அலொகேஷன் டேபிள் என்பதன் சுருக்கம். இந்த முறை 1977-லேயே மைக்ரோசாஃப்ட்டில் பிறந்தது, அப்போ ஃபிளாப்பிக்காக. வளர்ந்து வளர்ந்து 1996-ல் விண்டோஸ் 95-ன் ஒரு பதிப்போடு ஃபேட் 32 ஆச்சு. இது எப்படி வேலை செய்யும் தெரியுமா? வாரப் பத்திரிகையில் ஒரு செய்தியைப் பாதியில் நிறுத்தி "தொடர்ச்சி 7-ஆம் பக்கம்" என்று போடுவாங்களே, அதே மாதிரி. ஃபைலின் பெயருக்குப் பக்கத்தில் முதல் கட்டத்தின் எண் இருக்கும். அந்தக் கட்டத்துக்கு அப்புறம் எது என்று அட்டவணையில் பார்க்கணும். 12-க்கு அடுத்தது 13, 13-க்கு அடுத்தது 47, 47-க்கு அடுத்தது முற்றும். இந்தத் தாளின் வலது ஓரத்தில் கட்டம் போட்டு வரைஞ்சிருக்கேன், பாருங்க. (சிவப்புப் பென்சில் தீர்ந்துபோனதால் 47 மட்டும் பச்சையில் இருக்கு.)

சரி, 9 ஜி.பி. காலியாக இருந்தும் 5.2 ஜி.பி. ஏன் போகவில்லை? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். பேங்கில் பணம் கட்டும் சலானில் தொகை எழுதக் கட்டம் போட்டிருப்பாங்க இல்லையா? அஞ்சு கட்டம்தான் இருந்தால் 99,999-க்கு மேல் எழுதவே முடியாது. பையில் லட்ச ரூபாய் இருந்தாலும் சலானில் இடம் இல்லை. ஃபேட் 32 பதிவேட்டில் ஒரு ஃபைலின் அளவை எழுத 32 கட்டம் இருக்கு. ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1 மட்டும் எழுதலாம். எல்லாவற்றிலும் 1 போட்டால் வரும் எண்தான் பெரிய எண். 2-ஐ 32 தடவை பெருக்கி 1-ஐக் கழிக்கணும். நானே நோட்டில் போட்டுப் பார்த்தேன், ரெண்டு தடவை தப்பாக வந்தது, மூணாவது தடவை சரியாக வந்தது. 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அத்தனை பைட்தான். அதாவது 4 ஜி.பி.க்கு ஒரு பைட் குறைவு. கார்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஒரு தனி ஃபைல் அதைத் தாண்டக் கூடாது. அதனால்தான் 5.2 ஜி.பி. வீடியோ வெளியே நின்றது.

இப்போ நினைத்தால் வயிறு எரியுது. அந்த வீடியோவை ரெண்டாக வெட்டியிருந்தால் ஒவ்வொன்றும் 2.6 ஜி.பி. அதே கார்டில், அப்படியே போயிருக்கும். ஃபார்மட்டே தேவையில்லை.

கடை அண்ணா மாற்றிக் கொடுத்தது என்.டி.எஃப்.எஸ். இதுவும் மைக்ரோசாஃப்ட் உடையதுதான். 1993-ல் விண்டோஸ் என்.டி.யோடு வந்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்குக்கு நல்ல முறை. பெரிய ஃபைல் போகும். அதோடு ஒரு நல்ல பழக்கமும் அதுக்கு உண்டு. பதிவேட்டில் எதையாவது மாற்றுவதற்கு முன்னாடி "இதைச் செய்யப் போகிறேன்" என்று தனியாகக் குறிச்சு வைக்கும். நடுவில் கரண்ட் போனால், திரும்பி வந்ததும் குறிப்பைப் பார்த்துப் பதிவேட்டைச் சரி பண்ணிக்கும். ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களுக்கு இந்த முறை தெரியாது. லேப்டாப்பில் அழகாகத் திறக்கும் கார்டு, போனில் போட்டால் கெட்டுப்போன கார்டு மாதிரி ஆயிடும். கடை அண்ணாவைக் குறை சொல்லவில்லை. நான் "வீடியோ ஏத்தணும்" என்று மட்டும்தான் சொன்னேன், எதில் பார்ப்போம் என்று சொல்லவில்லை.

அப்போ போன் கார்டுக்கு எது சரி? எக்ஸ்ஃபேட் என்று ஒன்று இருக்கு. 2006-ல் வந்தது. பென் டிரைவ், மெமரி கார்டு மாதிரி பொருளுக்காகவே செய்தது. இதில் ஃபைலின் அளவை எழுத 64 கட்டம். அதனால் 4 ஜி.பி. தொல்லை இல்லை. விண்டோஸும் படிக்கும், ஆப்பிள் கம்ப்யூட்டரும் படிக்கும், இப்போ வரும் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவையும் படிக்கும். பழைய போன்கள்தான் சந்தேகம். ஏன் என்றால், எக்ஸ்ஃபேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் காப்புரிமை வைத்திருந்தது. போன் செய்கிறவங்க காசு கட்டி உரிமம் வாங்கணும். 2019 ஆகஸ்டில்தான் அதன் விதிமுறைகளை எல்லாரும் பார்க்கும்படி மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அந்த வருஷக் கடைசியிலேயே லினக்ஸில் எக்ஸ்ஃபேட் சேர்ந்தது. 2020-ல் சாம்சங் எழுதிக் கொடுத்த இன்னும் நல்ல நிரல் அந்த இடத்துக்கு வந்தது. ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ்தான் என்பதால் இது நம்ம போனுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

கார்டின் மேல் இருக்கும் சின்ன எழுத்தைப் பார்த்தே, அது என்ன முறையில் வந்திருக்கும் என்று சொல்லிடலாம். எஸ்.டி.ஹெச்.சி. என்றால் 2 ஜி.பி.க்கு மேல் 32 ஜி.பி. வரை, அது ஃபேட் 32. எஸ்.டி.எக்ஸ்.சி. என்றால் 32-க்கு மேல், அது எக்ஸ்ஃபேட். கார்டுக்கான விதிமுறை வகுக்கும் சங்கமே அப்படி வைத்திருக்கு. ஆனால் யாராவது நடுவில் ஃபார்மட் பண்ணியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. சிலர் 64 ஜி.பி. கார்டு ஃபேட் 32-ல் வேலையே செய்யாது என்று சொல்றாங்க. அது சரியில்லை. ஃபேட் 32 அதைவிடப் பெரிய கார்டையும் தாங்கும். விண்டோஸில் ஃபார்மட் பண்ணும் பெட்டிதான் பல வருஷமாக 32 ஜி.பி.க்கு மேல் அந்த வாய்ப்பைக் காட்டாமல் இருந்தது. 64 ஜி.பி. கார்டைப் படிக்காத பழைய போனுக்கு, வேற மென்பொருளால் ஃபேட் 32 ஆக்கிப் போட்டால் சில சமயம் படிச்சிடும்.

எக்ஸ்ஃபேட்டுக்கும் குறை உண்டு. ஃபேட் 32 தன் அட்டவணையை ரெண்டு நகலாக வைத்திருக்கும். எக்ஸ்ஃபேட்டில் பெரும்பாலும் ஒரே நகல்தான். "செய்யப் போகிறேன்" என்ற குறிப்பு ரெண்டிலுமே கிடையாது. அதனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்கினால் பதிவேடு பாதி வரியோடு நிற்கும். போன் செட்டிங்ஸில் கார்டை விடுவிக்க ஒரு வழி இருக்கு, அதை அமுக்கிட்டுத்தான் எடுக்கணும். எங்க தம்பி ஒரு நாளும் அதைச் செய்தது இல்லை. அப்புறம் ரெண்டிலுமே பூட்டும் கிடையாது. கார்டு தொலைஞ்சால் எடுத்தவங்க எல்லாத்தையும் பார்க்கலாம்.

போனுக்கு உள்ளேயே இருக்கும் நினைவகத்தில் வேற முறைகள். இ.எக்ஸ்.டி. 4 என்பது லினக்ஸ்காரர்கள் 2008-ல் கொண்டுவந்தது. எஃப்2எஃப்எஸ் என்பதை 2012-ல் சாம்சங் வெளியிட்டது. கார்டை ஏன் இதில் வைக்கக்கூடாது என்று கேட்டேன். விண்டோஸ் கம்ப்யூட்டர் தானாக அதைப் படிக்காது, லேப்டாப்பில் போட்டு எடுக்க முடியாது என்று டீச்சர் சொன்னாங்க. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்து இன்னொரு வசதி வந்தது. கார்டையே போனின் ஒரு பகுதி ஆக்கிக்கலாம். சில போன்களில் கார்டைப் போட்டதும் கேட்கும். சரி என்று சொன்னால் கார்டை இந்த முறைகளில் ஒன்றுக்கு மாற்றி, பூட்டும் போட்டுடும். சாவி அந்தப் போனுக்குள்தான் இருக்கும். போன் தண்ணீரில் விழுந்து செத்தால், கார்டு முழுசாக இருந்தும் யாராலும் திறக்க முடியாது. போட்டோ, குரல் பதிவு வைக்கும் கார்டுக்கு இது வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

இனி தாத்தா கதைக்கு வர்றேன்.

கடையில் செய்தது சீக்கிர ஃபார்மட். அதில் பழைய பதிவேட்டைத் தூக்கிப்போட்டுப் புதுப் பதிவேடு வைப்பாங்க, அவ்வளவுதான். கட்டங்களுக்குள் இருந்ததை யாரும் துடைக்கவில்லை. நூலகத்தில் பதிவேடு எரிஞ்சு போனாலும் புத்தகங்கள் அலமாரியில் இருக்குமே, அந்த மாதிரி. ஆனால் அது காலி இடம் என்று கம்ப்யூட்டர் நினைச்சுக்கும். புதுசாக எதையாவது ஏற்றினால் பழசு மேல்தான் எழுதும். அம்மா அன்றைக்கு 'சரி' அமுக்கி, நாலு போட்டோவும் எடுத்திருந்தால் இன்னும் போயிருக்கும். டீச்சர் அதனால்தான் கார்டில் ஒன்றுமே எழுதாமல், மீட்கும் மென்பொருள் ஒன்றை ஓட விட்டாங்க. அது பதிவேட்டைத் தேடாது. ஒவ்வொரு கட்டமாகப் போய், குரல் பதிவு ஆரம்பிக்கும் அடையாளம் இருக்கா என்று பார்க்கும். இருந்தால் அங்கிருந்து தொடர்ச்சியாக எடுக்கும். தொடர்ச்சி 47-க்குத் தாவியிருந்தால் அதுக்குத் தெரியாது, பாதியில் விட்டுடும். பெயரும் வராது, பெயர் பதிவேட்டோடு போச்சு.

மத்தியானம் ஆரம்பிச்சு மணி அடிக்கும் வரை ஓடியது. 5.2 ஜி.பி. வீடியோ ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட இடங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. மற்ற இடங்களிலிருந்து வெறும் எண்களைப் பெயராக வைத்துக்கொண்டு ஃபைல்கள் வந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். பெரும்பாலும் தம்பி பதிவு பண்ணின சினிமாப் பாட்டு. ஆறாவதாகப் போட்டதில் தாத்தா இருமினார்.

11-ல் நாலு முழுசாகக் கிடைச்சது. ஒன்று பாதி. ஆறு கிடைக்கவே இல்லை. கரண்ட் வந்த கதை முழுசாக இருக்கு. கிணறு வெட்டின கதை, பாறை வந்த இடத்தில் நின்றுவிடுது. மிச்சத்தை ஆயாவிடம் கேட்டு நோட்டில் எழுதிட்டு இருக்கேன், அவங்க வேற மாதிரி சொல்றாங்க.

அம்மா போனுக்கு இப்போ புது 64 ஜி.பி. கார்டு போட்டிருக்கோம், எக்ஸ்ஃபேட்டிலேயே விட்டுட்டோம். போன் படிக்குமா, லேப்டாப் படிக்குமா என்று காலியாக இருக்கும்போதே ரெண்டிலும் போட்டுப் பார்த்துட்டுத்தான் படம் ஏற்றினேன். தாத்தா பதிவுகள் அந்தக் கார்டில் ஒரு நகல், அண்ணன் லேப்டாப்பில் ஒரு நகல், பள்ளிக் கம்ப்யூட்டரில் ஒரு நகல். கரண்ட் வந்த கதையைக் கேட்க ஆசை இருக்கிறவங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் அறைக்கு வாங்க. டீச்சரிடம் கேட்டுட்டேன், சரி என்று சொல்லிட்டாங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி