பங்க் மாறினால் மைலேஜ் மாறுமா?

"அந்த பங்க்கில் பெட்ரோல் போட்டால் வண்டி நன்றாக ஓடுகிறது, இந்த பங்க்கில் போட்டால் மைலேஜ் விழுந்துவிடுகிறது" என்ற பேச்சைத் தஞ்சாவூரிலும் கேட்கலாம், கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் கேட்கலாம். சிலர் தமக்குப் பிடித்த நிறுவனத்தின் பங்க்கைத் தேடி ஐந்தாறு கிலோமீட்டர் சுற்றிச் செல்வதும் உண்டு. இவ்வாறு செல்வதால் லாபம் உண்டா?

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார் ஒன்று, விருப்பமான பங்க்குக்குச் சென்று திரும்ப 12 கி.மீ. கூடுதலாக ஓடுவதாகக் கொள்வோம். இதற்கு 0.8 லிட்டர் பெட்ரோல் செலவாகும். அங்கே 20 லிட்டர் நிரப்பினால், அதில் 4 சதவீதம் பயணத்திலேயே போய்விட்டது. லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் மோட்டார் சைக்கிளில் அதே தூரம் சென்று 3 லிட்டர் நிரப்பினால் இழப்பு 8 சதவீதம். அந்த பங்க்கின் பெட்ரோல் இதைவிடக் கூடுதலாக மைலேஜ் தந்தால்தான் லாபம். அப்படித் தருமா?

பெட்ரோல் எங்கிருந்து வருகிறது?

காவிரிப் படுகையில் பூமிக்கடியில் எண்ணெய் இருப்பது நமக்குத் தெரியும். நரிமணம் பகுதியின் கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பதற்காக நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் 1993-ஆம் ஆண்டு ஒரு சிறிய ஆலை தொடங்கப்பட்டது. பாரத் நிலை 6 எனும் இன்றைய எரிபொருள் தரம் 2020 ஏப்ரலில் நாடெங்கும் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே அதன் ஓட்டம் நின்றுவிட்டது. ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனுள்ள புதிய ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆகவே நரிமணத்தில் எடுக்கும் எண்ணெய்தான் நாகப்பட்டினம் பங்க்கில் பெட்ரோலாகக் கிடைக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

சென்னை மணலி ஆலையிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் 683 கி.மீ. நீளமுள்ள குழாய்த்தொடர் வழியே பெட்ரோலும் டீசலும் வருகின்றன. கொச்சி ஆலையிலிருந்து கோவை இருகூர் வழியாகக் கரூருக்கு மற்றொரு குழாய் வருகிறது. இத்தகைய குழாய்களில் ஒரே வகை எண்ணெய் மட்டும் ஓடுவதில்லை. பெட்ரோலுக்குப் பின் டீசல், அதன்பின் மீண்டும் பெட்ரோல் என்று தொகுதி தொகுதியாக அனுப்புவார்கள். அவை கிடங்குகளில் சேர்ந்து, அங்கிருந்து டேங்கர் லாரிகளில் பங்க்குகளுக்குப் போகின்றன. போக்குவரத்துச் செலவைக் குறைப்பதற்காக எண்ணெய் நிறுவனங்கள் தமக்குள் சரக்கைப் பரிமாறிக்கொள்வதும் வழக்கம். இரண்டு வேறு பெயர்ப்பலகைகளுக்கு அடியில் விற்கும் பெட்ரோல் ஒரே ஆலையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

எந்த ஆலையிலிருந்து வந்தாலும் அது இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவது, பெரும்பாலும், இயந்திரத்தில் கசடு படியாமல் இருக்கச் சிறிதளவு சேர்க்கும் துப்புரவுப் பொருள்தான். கசடு படிந்த பழைய இயந்திரத்துக்கு இது ஓரளவு உதவும். சுத்தமாக உள்ள இயந்திரத்தில் அதனால் மைலேஜ் குறிப்பிடும்படி உயராது. விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோலைப் பற்றியும் இதையே சொல்லலாம். ஆக்டேன் எண் என்பது, இயந்திரத்துக்குள் அழுத்தப்படும்போது எரிபொருள் முன்கூட்டியே வெடித்துத் தட்டும் ஓசை எழாமல் தாக்குப்பிடிக்கும் திறனைக் காட்டும் எண். அது ஆற்றலின் அளவு அன்று.

ஆற்றலை மாற்றுவது எது?

வண்டியை ஓட்டுவது பெட்ரோலில் அடங்கிய வெப்ப ஆற்றல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உள்ளது. எத்தனாலில் சுமார் 21 மெகாஜூல்தான். கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலைப் பெட்ரோலில் கலப்பது நம் நாட்டில் படிப்படியாக உயர்ந்து, 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. இப்போது கணக்கிடுங்கள். நூறு லிட்டர் கலவையில் 80 லிட்டர் பெட்ரோல், 20 லிட்டர் எத்தனால். லிட்டருக்குச் சராசரி ஆற்றல் 29.8 மெகாஜூல். அதாவது ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு.

மைலேஜ் முழுவதும் இதே அளவு குறைந்துவிடும் என்பதில்லை. எத்தனாலின் ஆக்டேன் எண் அதிகம் என்பதால், அதற்கென அமைத்த இயந்திரம் அந்த ஆற்றலை மேலும் திறமையாகப் பயன்படுத்தும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கை, கலப்பில்லாப் பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சீரமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், 10 சதவீதக் கலவைக்கென வடிவமைத்து 20 சதவீதக் கலவைக்குச் சீரமைத்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என மதிப்பிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் கிடைத்த மைலேஜ் இப்போது கிடைக்கவில்லை என்றால் இதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் கலப்பு எல்லா நிறுவனங்களின் பெட்ரோலிலும் நடக்கிறது. பங்க் மாற்றினால் இது மாறாது.

மற்றொன்று அடர்த்தி. சற்று அடர்த்தியான பெட்ரோலில், ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதல் ஆற்றல் இருக்கும். தர நிர்ணயம் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இடம் தருகிறது. ஆகவே ஒரு லாரிச் சரக்குக்கும் அடுத்த லாரிச் சரக்குக்கும் சிறு வேறுபாடு இருக்கலாம். ஆனால் அது சரக்குக்குச் சரக்கு வரும் வேறுபாடு. ஒரே பங்க்கிலேயே இந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் அது நேரலாம்.

உண்மையில் கவனிக்க வேண்டியவை

அப்படியானால் எல்லா பங்க்குகளும் ஒன்றேதானா? இல்லை. அளவு, கலப்படம், தண்ணீர் ஆகிய மூன்றில் பங்க்குக்கு பங்க் வேறுபாடு வர முடியும். இது நிறுவனத்தின் பெயரைப் பொறுத்ததன்று. பங்க்கை நடத்துபவரின் பொறுப்புணர்வைப் பொறுத்தது.

ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலம் இருக்க வேண்டும். ஐயம் வந்தால் அதில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். 5 லிட்டரில் 25 மில்லிலிட்டர் வரைதான் பிழை அனுமதிக்கப்படும். கலப்படம் குறித்து ஐயம் இருந்தால் வடிதாள் கேளுங்கள். அதில் ஒரு துளி பெட்ரோல் விட்டால் இரண்டு நிமிடங்களில் கறையின்றி ஆவியாக வேண்டும். கறை தங்கினால் மண்ணெண்ணெய் போன்றது கலந்திருக்கலாம். அடர்த்தியையும் அளந்து காட்டச் சொல்லலாம். அன்றைய பதிவேட்டில் உள்ளதற்கும் அளந்ததற்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வேறுபாடு கூடாது.

டெல்டா மக்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாழ்வான இடங்களில் நீர் தேங்கும்போது, மூடி சரியாக இல்லாத நிலத்தடித் தொட்டிக்குள் நீர் கசியக்கூடும். பழைய பெட்ரோலில் தண்ணீர் அப்படியே அடியில் தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோலிலோ, ஓரளவு வரை நீர் கரைந்துவிடும். அந்த அளவைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலை விட்டு நீருடன் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அந்த அடிப்பகுதி உங்கள் வண்டிக்குள் வந்தால் மைலேஜ் குறைவதோடு நிற்காது, வண்டியே நின்றுவிடும். எனவே பெருமழைக்குப் பின், தண்ணீர் சூழ்ந்து கிடந்த பங்க்கில், தொட்டியில் நீர் இருக்கிறதா என்று சோதித்தார்களா எனக் கேட்ட பிறகு நிரப்புவது நல்லது. அளவுக் கோலில் ஒரு பசையைத் தடவித் தொட்டிக்குள் இறக்குவார்கள். நீர் பட்டால் பசையின் நிறம் மாறும்.

நீங்களே சோதியுங்கள்

நாம் வீட்டில் கணக்கிடும் மைலேஜ் ஏன் அடிக்கடி மாறுகிறது? டாங்க் நிரம்பியதும் குழாய் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதில்லை. அரை லிட்டர் முன்பின் ஆகலாம். 300 கி.மீ. ஓடி 20 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 15. அதே ஓட்டத்துக்குக் குழாய் 19.5 லிட்டரில் நின்றால் 15.4, 20.5 லிட்டரில் நின்றால் 14.6. பெட்ரோல் ஒன்றே, வேறுபாடு 0.8 கி.மீ.! இதைக் கண்டுதான் பலர் பங்க்கின் மீது பழி போடுகிறார்கள்.

பாதையும் ஒருபோல் இருப்பதில்லை. அறுவடைக் காலத்தில் சாலையோரம் நெல் காயும்போது நின்று நின்று போக வேண்டும். மற்ற நாட்களில் அதே சாலையில் வேகமாகப் போவோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 90-க்கு உயர்ந்தால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகும். நான்கு டயர்களிலும் காற்று 10 பவுண்டு குறைந்தால் மைலேஜ் சுமார் 2 சதவீதம் குறையும்.

எனவே சோதனையை இவ்வாறு செய்யுங்கள். டயர்களில் சரியான காற்று இருக்கட்டும். குழாய் தானாக முதல்முறை நிற்கும்வரை நிரப்பி, கிலோமீட்டர் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பங்க்கில் மூன்று முறை தொடர்ந்து நிரப்பி, மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள். 900 கி.மீ.க்கு 60 லிட்டர் என்றால், அரை லிட்டர் பிழை இப்போது 1 சதவீதத்துக்கும் குறைவு. பின் இரண்டாவது பங்க்கில் அதேபோல் மூன்று முறை. பிறகு மீண்டும் முதல் பங்க்குக்கு வாருங்கள். முதல் முடிவு திரும்பி வந்தால்தான் வேறுபாடு உண்மையானது. எந்த பங்க் என்பதை வண்டி ஓட்டுபவரிடம் சொல்லாமல் வேறொருவர் நிரப்பி வந்தால் இன்னும் நல்லது. நல்ல பெட்ரோல் என்று நம்பும்போது நாம் அறியாமலே நிதானமாக ஓட்டுவோம்.

இதைக் கல்லூரி மாணவர்கள் தம் வீட்டு வாகனத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு மாதப் பொறுமையும் போதும். அதுவரை, வீட்டுக்கு அருகே அளவும் சுத்தமும் சரியாக உள்ள பங்க் எதுவோ, அங்கேயே நிரப்புங்கள்.